அரித்துப்போன சேஸிஸ்: டொயோட்டா டகோமா பிக்கப் வண்டிகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

பத்து, பன்னிரண்டு வருடம் ஓடிய பிக்கப் வண்டியை, அதை விற்ற கம்பெனியே சந்தை விலையைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. 2008இல் அமெரிக்காவில் நடந்த விஷயம் இது. வண்டி டொயோட்டா டகோமா, 1995 முதல் 2000 வரையிலான மாடல்கள். எஞ்சினில் குறை இல்லை, கியர்பாக்ஸில் குறை இல்லை. இன்னும் இரண்டு லட்சம் மைல் ஓடும் என்று மெக்கானிக்குகள் சத்தியம் செய்யக்கூடிய வண்டிகள். அடியில் வண்டி முழுவதையும் தாங்கும் சேஸிஸ் என்ற இரும்புச் சட்டம் மட்டும், ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே போகிற நிலையில் இருந்தது.

பழைய பிக்கப் வைத்திருக்கும் எவருக்கும் இந்த வழக்கு படிக்க வேண்டிய ஒன்று. துரு என்றால் ஆளுக்கு ஒரு கருத்து சொல்வார்கள். "இதெல்லாம் மேல்துரு, பெயின்ட் அடித்தால் போதும்" என்பார் ஒருவர். "வண்டி முடிந்தது, காயலான் கடைக்குத் தள்ளு" என்பார் இன்னொருவர். டகோமா விஷயத்தில்தான், எது தாங்கும் எது தாங்காது என்பதை ஒரு பெரிய நிறுவனம் எழுத்தில் அளவு போட்டுச் சொல்ல வேண்டி வந்தது. அந்த அளவு எங்கே சரி, எங்கே போதாது என்பதுதான் இந்த ஆய்வின் மையம். என் வாதம் எளிது: துரு எவ்வளவு என்று கேட்பதற்கு முன் எந்த இடத்தில் என்று கேட்க வேண்டும்.

சேஸிஸில் எந்த இடம்

கார்களில் பெரும்பாலும் உடலும் சட்டமும் ஒன்றே. பிக்கப் அப்படி அல்ல. ஏணியைப் படுக்கப் போட்டது போல இரண்டு நீள இரும்புச் சட்டங்கள், அவற்றைக் குறுக்கே இணைக்கும் கிராஸ் மெம்பர்கள். எஞ்சின், கேபின், லோடு பாடி, பெட்ரோல் டேங்க், கமான் பட்டைகள் (பின் ஆக்சிலைப் பிடித்து அதிர்வைத் தாங்கும் வில் போன்ற பட்டைகள்), பிரேக் பைப்புகள், பின்னால் தொங்கும் ஸ்டெப்னி எல்லாம் இதில்தான் மாட்டப்பட்டிருக்கின்றன. கேபின் கதவில் ஓட்டை விழுந்தால் அசிங்கம், அவ்வளவுதான். சேஸிஸில் கமான் பட்டையின் பிராக்கெட் இருக்கும் இடத்தில் ஓட்டை விழுந்தால், பின் ஆக்சில் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்ற கேள்வி வந்துவிடுகிறது.

நீளச் சட்டம் சில இடங்களில் ஒரு பக்கம் திறந்த வாய்க்கால் வடிவில் இருக்கும். வேறு சில இடங்களில் நான்கு பக்கமும் மூடிய பெட்டி வடிவில் இருக்கும். பெட்டி வடிவம் முறுக்கை நன்றாகத் தாங்கும், பொறியாளர்களுக்குப் பிடித்தமானது. ஆனால் அதன் உட்புறம் யார் கண்ணிலும் படாது. சேறும் உப்புத் தண்ணீரும் ஓட்டைகள் வழியே உள்ளே போகும், வெளியே வரும் வழி அடைத்துக்கொள்ளும். பிறகு உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியே கறுப்புப் பெயின்ட் பளிச்சென்று இருக்க, உள்ளே தகடு பாதியாகியிருக்கும்.

முதல் தலைமுறை டகோமாவில் பெயர் போன இடம் ஒன்று உண்டு. கேபின் முடிந்து லோடு பாடி தொடங்கும் இடத்தின் கீழே, பின் கமான் பட்டையின் முன்முனை சேஸிஸில் மாட்டப்படும் பகுதி. அங்கேதான் சட்டம் பின் ஆக்சிலுக்கு மேலாக வளைந்து ஏறத் தொடங்குகிறது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வெல்டு செய்யப்பட்ட இடமும் அதுவே. சக்கரம் வாரி அடிக்கும் உப்புச் சகதி அங்கே போய் ஒட்டும், மேலே லோடு ஏற்றினால் வளைவு விசையும் அங்கேதான் அதிகம். துருவுக்குத் தேவையான எல்லாம் ஒரே இடத்தில் கூடிவிட்டன.

இன்னொரு கோளாறும் இருக்கிறது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருமனாகிறது. இரண்டு தகடுகளுக்கு நடுவே துரு பிடித்தால் அது இடம் கேட்டுத் தகடுகளை நெம்பிப் பிரித்துவிடும். வெளியே லேசான புடைப்பு தெரியும். அதைப் பார்த்து "அடி பட்டிருக்கும்" என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

உப்பு செய்யும் வேலை

வடகிழக்கு அமெரிக்காவிலும் ஐந்து பெரிய ஏரிகளைச் சுற்றியுள்ள மாநிலங்களிலும் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே இது வழக்கம். முதலில் சாதாரணச் சோடியம் குளோரைடு. குளிர் கடுமையானால் அது மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பதால், பிற்பாடு கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் சேர்ந்தன.

இந்த இரண்டும் வண்டிக்குப் பெரிய சத்துரு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை நெருங்கினால்தான் சோடியம் குளோரைடு ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். மக்னீசியம் குளோரைடுக்கும் கால்சியம் குளோரைடுக்கும் ஏறத்தாழ 30 சதவீதமே போதும். ஆக, ஜனவரியில் பெட்டிச் சட்டத்துக்குள் புகுந்த உப்பு, ஜூலையில் வெயில் காயும்போதும் ஈரமாகவே இருக்கும். வெப்பம் கூடினால் துருவின் வேகமும் கூடும். "எங்கள் ஊரில் பனி நாலு மாதம்தானே" என்ற ஆறுதல் இதனால் செல்லாது. குளிர்காலத்தில் சூடேற்றிய கராஜில் ஈர வண்டியை நிறுத்தி வைப்பதும் இதே காரணத்தால் நல்லதல்ல.

அதே வருடம் தயாரான அதே டகோமா அரிசோனாவில் ஓடியிருந்தால், அடியில் படுத்துப் பார்க்கும்போது வெறும் தூசிதான் தெரியும்.

டொயோட்டா செய்தது

உப்பு எல்லா வண்டிக்கும் பொதுதான். டகோமா மட்டும் ஏன் இப்படி அரித்தது? டொயோட்டா 2008இல் சொன்ன விளக்கத்திலேயே விடை இருந்தது: சில வண்டிகளின் சேஸிஸில் துருத் தடுப்புப் பாதுகாப்பு போதுமானதாக இல்லை, அதோடு சாலை உப்பும் சேர்ந்ததால் எதிர்பார்த்ததைவிட மோசமாக அரித்திருக்கிறது. இந்தச் சேஸிஸ்களைச் செய்து கொடுத்தது டேனா என்ற அமெரிக்க உதிரிபாக நிறுவனம். இது தொடர்பாக டொயோட்டா கேட்ட இழப்பீட்டை முடித்துக்கொள்ள 2011இல் டேனா 2.5 கோடி டாலர் கொடுத்தது.

முதல் திட்டம் 1995–2000 மாடல்களுக்கு. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள். சேஸிஸ் துருவுக்கு மட்டும் தனியாக 15 வருட உத்தரவாதம், மைல் கணக்குக்கு வரம்பு இல்லை. டீலரிடம் கொண்டுபோனால் சோதிப்பார்கள். துருவால் ஓட்டை விழுந்திருந்தால் பழுது பார்ப்பார்கள் அல்லது வண்டியை வாங்கிக்கொள்வார்கள். கெல்லி புளூ புக் என்ற விலைப் பட்டியலில் அந்த வண்டிக்கு 'மிக நல்ல நிலை' என்று போட்டிருக்கும் விலையில் ஒன்றரை மடங்கு. வண்டியின் உண்மையான நிலை எப்படி இருந்தாலும் சரி. கொஞ்ச நாளில் 2001–2004 மாடல்களும் திட்டத்தில் சேர்ந்தன. அவற்றுக்குப் பெரும்பாலும் புதுச் சேஸிஸ் மாற்றித் தந்தார்கள்.

நல்ல மனது என்று இதைப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு இது கணக்கு தெரிந்தவர்கள் எடுத்த முடிவாகவே படுகிறது. பழைய வண்டியை அக்கு அக்காகப் பிரித்துச் சேஸிஸ் மாற்றுவது, வண்டியை வாங்கி நசுக்கிப் போடுவதைவிடச் செலவு. வண்டிக்காரரும் வருத்தமில்லாமல் போவார், பெரும்பாலும் அதே டீலரிடம் அடுத்த வண்டியையும் வாங்குவார்.

2009 நவம்பரில் பெரிய அண்ணனான டன்ட்ராவின் முறை வந்தது. 2000–2003 மாடல்களில் சுமார் 1.1 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். உப்பு போடும் 20 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் இதில் அடங்கும். காரணம் ஸ்டெப்னி. அதைத் தாங்கும் பின் கிராஸ் மெம்பர் அரித்து, ஓடும் வண்டியிலிருந்து ஸ்டெப்னி சாலையில் விழக்கூடும். பின்னால் வருபவரின் கதி என்ன? அதே கிராஸ் மெம்பரை ஒட்டிப் போகும் பிரேக் பைப்பும் சேதமாகி எண்ணெய் கசியலாம். 2012இல் ஸ்டெப்னியைத் தூக்கிப் பிடிக்கும் தகடு அரிப்பதாகச் சொல்லி 2001–2004 டகோமாக்களில் ஒன்றரை லட்சம் வண்டிகளையும் அழைத்தார்கள்.

இதோடு முடியவில்லை. அடுத்த தலைமுறை வண்டிகளிலும் அதே கதை என்று கலிபோர்னியாவின் மத்திய நீதிமன்றம் ஒன்றில் 2015இல் வழக்கு வந்தது. 2005–2010 டகோமா, 2007–2008 டன்ட்ரா, 2005–2008 செக்கோயா என்ற பெரிய எஸ்யூவி என மொத்தம் சுமார் 15 லட்சம் வண்டிகள். 2016 நவம்பரில் டொயோட்டா சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. தவறு செய்ததாக மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. சமரசத்தின் மதிப்பு 340 கோடி டாலர் வரை போகலாம் என்றது செய்தி. ஒரு வண்டிக்குச் சேஸிஸ் மாற்ற 15,000 டாலர், சோதனைக்கு 60 டாலர் என்ற மதிப்பீட்டில் வந்த தொகை அது. ரொக்கமாக யார் கைக்கும் போகும் பணமில்லை.

பத்து மில்லிமீட்டர் விதி

ஓட்டை எவ்வளவு பெரிதாக இருந்தால் கணக்கில் வரும் என்பதற்கு டொயோட்டா வைத்த அளவுகோல் 10 மில்லிமீட்டர். துருவால் விழுந்த ஓட்டை அந்த அளவோ அதற்கு மேலோ இருந்தால் தகுதி உண்டு. இல்லையென்றால் மேலே துருத் தடுப்புப் பூச்சு அடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நிர்வாகத்துக்கு இது வசதி. நாடு முழுக்க நூற்றுக்கணக்கான டீலர்கள், ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு சொன்னால் சண்டைதான் வரும். ஓட்டையா, அளந்து பார், முடிந்தது. ஆனால் பட்டறைக் கண்ணோடு பார்த்தால் இந்த விதி இரண்டு பக்கமும் தவறும். விசை அதிகம் வராத ஒரு ஓரத்தில் 12 மில்லிமீட்டர் ஓட்டை விழுந்த வண்டி இன்னும் வருடக்கணக்கில் ஓடலாம். கமான் பிராக்கெட்டுக்கு மேலே ஓட்டையே இல்லாமல், தகடு காகிதக் கனத்துக்கு வந்துவிட்ட வண்டிதான் லோடோடு ஒரு பள்ளத்தில் இறங்கும்போது மடியும். அந்த வண்டிக்குக் கிடைப்பது பூச்சு மட்டும். அரித்த தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு அடித்தால் அரிப்பு மட்டுப்படலாம், போன கனம் திரும்பாது. போதாததற்கு, புதுக் கறுப்புப் பூச்சு அடுத்த முறை பார்ப்பவரின் கண்ணை வேறு மறைக்கும். தகட்டுக் கனத்தை அல்ட்ராசோனிக் மீட்டரால் முக்கியமான நான்கைந்து இடங்களில் அளந்திருக்கலாம். செலவும் பெரிதில்லை.

அடியில் படுத்துப் பார்க்கும்போது

சொந்த வண்டியைச் சோதிக்க வேண்டுமென்றால் முதல் பாடம்: அரித்த சட்டத்தில் ஜாக்கி வைக்காதீர்கள். ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள், அல்லது சக்கரத்தோடு சாய்தளத்தில் ஏற்றுங்கள்.

ஒரு சின்னச் சுத்தியல், ஒரு பழைய தட்டை ஸ்க்ரூடிரைவர், நல்ல டார்ச் போதும். முன்னாலிருந்து தொடங்கிச் சட்டத்தை ஒரு கை அகலத்துக்கு ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு 'டங்' என்று திருப்பிச் சொல்லும், சுத்தியலும் துள்ளும். அரித்த இடத்துக்கு வந்ததும் சத்தம் 'பொத்' என்று அடங்கும், சுத்தியல் துள்ளாது, முகத்தில் பழுப்புப் பொடி கொட்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் படுத்தவர் அப்போது எழுந்து ஓடுவார். சட்டத்துக்குள்ளும் ஏதோ சரசரவென்று உதிரும் சத்தம் கேட்கும். உள்ளே செதில் செதிலாகப் பெயர்ந்து கிடக்கும் துரு அது. சட்டத்தில் இருக்கும் ஓட்டை வழியே விரலை விட்டு வாரினால் கைநிறைய வரும். உதிர்ந்த செதில் தடிமனாக இருக்கிறதே என்று பயப்படத் தேவையில்லை. துரு பருமனாவதால் செதிலின் தடிமன், உண்மையில் போன இரும்பைவிடப் பல மடங்கு அதிகமாகத் தெரியும். தட்டிப் பார்த்து மிச்சத்தைக் கணக்கெடுப்பதுதான் முக்கியம்.

சட்டத்தின் பக்கவாட்டை எல்லோரும் பார்ப்பார்கள். மேற்பரப்பைப் பார்ப்பவர் குறைவு. லோடு பாடியின் கீழே, பெட்ரோல் டேங்க் மறைக்கும் இடத்தில் சேறு படிந்து வருடக்கணக்கில் ஈரமாகக் கிடக்கும். கையை மேலே விட்டுத் தடவுங்கள். ஸ்டெப்னியைக் கீழே இறக்கிவிட்டு அது மறைத்திருந்த கிராஸ் மெம்பரைப் பாருங்கள். ஸ்டெப்னி இறங்கவே மறுத்தால் அதுவே பாதிப் பதில். போனில் இணைக்கும் சின்னக் கேமரா ஒன்றை வாங்கிப் பெட்டிச் சட்டத்துக்குள் விட்டால் மீதி விஷயமும் தெரிந்துவிடும்.

பழைய வண்டிக்கு அடியில் புத்தம் புதுக் கறுப்புப் பூச்சு மட்டும் பளபளத்தால், விற்பவர் எதையோ மூடியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டே தொடங்குங்கள்.

என்ன செய்வது

சத்தம் எங்கும் திடமாக இருந்து, துரு மேலோடு நின்றிருந்தால் வேலை அழுக்கானது, ஆனால் கஷ்டமில்லை. செதிலைச் சுத்தியலாலும் கம்பி பிரஷ்ஷாலும் நீக்கி, சட்டத்தின் உள்ளும் புறமும் நல்ல தண்ணீரால் உப்புப் போகும்வரை கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு பாஸ்பாரிக் அமிலம் கலந்த 'துரு மாற்றி' என்ற திரவம், அதன்மேல் பெயின்ட். பெட்டிக்குள் நீளக் குழாயும் சுற்றிலும் தெளிக்கும் நாசிலும் கொண்டு மெழுகோ எண்ணெயோ அடிக்க வேண்டும். இந்த உள்பூச்சுதான் வண்டியைக் காப்பாற்றுகிறது, வெளிப்பெயின்ட் பெரும்பாலும் மனத்திருப்திக்கு. தார் போலக் கெட்டியாக ஒட்டும் ரப்பர் பூச்சைத் துருவின் மேல் அடிக்க வேண்டாம். ஓரத்தில் ஒரு விரிசல் விட்டால் ஈரம் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். டொரோன்டோ பக்கத்து நம்மவர்களுக்கு வருடா வருடம் இலையுதிர் காலத்தில் எண்ணெய் அடிப்பது தெரிந்த பழக்கம்தான். சொட்டுகிறது, நாறுகிறது என்று முணுமுணுத்தாலும் விடாதீர்கள்.

ஒரே இடத்தில் மட்டும் அரித்து, முன்னும் பின்னும் நல்ல இரும்பு இருந்தால் வெல்டிங் யோசிக்கலாம். ஆனால் கண்ட பட்டறையில் அல்ல. ஓட்டையின் மேல் ஒரு தகட்டை வைத்து ஒட்டிக் கொடுப்பவர்தான் எங்கும் மலிவு. மெலிந்த இரும்பில் வெல்டு பிடிக்காது, எரிந்து இன்னும் பெரிய ஓட்டையாகும். பிடித்தாலும் உள்ளே துரு தொடரும், ஒன்றிரண்டு குளிர்காலத்தில் ஒட்டின் ஓரத்திலேயே விரிசல் விடும். சரியாகச் செய்பவர் அரித்ததை நல்ல இரும்பு வரை வெட்டி எடுப்பார். வெட்டும் முன் சட்டம் தொய்யாமல் முட்டுக் கொடுத்து, மூலைக்கு மூலை அளவு எடுத்து வைப்பார். அதே கனமுள்ள தகட்டைப் போடுவார், அதன் முனைகளைச் சாய்வாகவோ வைர வடிவிலோ வெட்டுவார். சட்டத்துக்கு நேர் குறுக்கே ஒரே கோடாக வெல்டு போனால், வளையும்போது அந்தக் கோட்டில்தான் ஒடியும். டேங்கை இறக்காமல், பிரேக் பைப்பை விலக்காமல், பேட்டரியைக் கழற்றாமல் தீப்பொறி பறக்க விடுபவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். வேலை முடிந்த பிறகு வெல்டுக்குப் பின்புறம், அதாவது பெட்டிக்குள், பூச்சு வெந்துபோய் வெற்று இரும்பாக நிற்கும். அங்கே மெழுகு அடித்தாரா என்று கேளுங்கள். பெரும்பாலும் மறந்திருப்பார்.

கமான் பிராக்கெட், ஸ்டியரிங் பாக்ஸ் மாட்டும் இடம், முன் சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம் பிடிக்கும் இடம் – இவற்றில் ஒன்றுக்கு மேல் 'பொத்' என்றால் ஒட்டுப்போடும் பேச்சு வேண்டாம். சேஸிஸ் மாற்ற வேண்டும், அல்லது வண்டியைப் பிரித்து உதிரியாக விற்க வேண்டும். உப்பு தொடாத தென்மேற்கு மாநிலத்திலிருந்து பழைய சேஸிஸ் ஒன்றை வாங்கிச் சொந்தக் கையால் மாற்றுபவர்கள் உண்டு. கேபினைத் தூக்கும்போது போல்ட்டுகள் வரிசையாக உடையும். பிரேக் பைப், பெட்ரோல் பைப் எதுவும் முழுசாக வராது, எல்லாமே புதிதாக வாங்க வேண்டும். 15,000 டாலர் என்ற மதிப்பீடு ஏன் வந்தது என்று அப்போது புரியும். கூலி கொடுத்து இந்த வேலையைச் செய்வது, வண்டியின் மேல் தனிப் பாசம் இல்லாதவருக்குக் கட்டுப்படியாகாது.

அரசாங்கச் சோதனை பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. மாசசூசெட்ஸ், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனை இருக்கிறது, ஓட்டைச் சேஸிஸ் அங்கே மாட்டும். மிச்சிகனிலும் ஓஹியோவிலும் சொந்த வண்டிகளுக்கு அப்படி ஒன்று இல்லை, உப்புக்கு மட்டும் குறைவில்லை.

2016 சமரசம் தந்த பாதுகாப்பு, வண்டி முதலில் விற்கப்பட்டதிலிருந்து 12 வருடம். 2010 மாடல்களுக்கும் அது முடிந்துவிட்டது. இன்று சந்தையில் நிற்கும் அந்தக் காலத்து டகோமாக்களில் 'சேஸிஸ் மாற்றியது' என்று விளம்பரம் போட்டு நல்ல விலை கேட்கிறார்கள். கேட்கலாம், நியாயம்தான், டீலர் கொடுத்த வேலை ரசீது கையில் இருந்தால். ரசீதில் இருப்பது சேஸிஸ் மாற்றமா, வெறும் துருத் தடுப்புப் பூச்சா என்று வரி வரியாகப் படியுங்கள். மாற்றிய சேஸிஸும் அதற்குப் பின் எத்தனையோ குளிர்காலம் அதே உப்பில் ஓடியிருக்கும், அதனால் சுத்தியல் சோதனை அதற்கும் உண்டு. ஸ்டெப்னியை இறக்கிப் பார்க்க விடாத ஆளிடம் பேரம் பேசவே வேண்டாம்.